நாய் கழுத்தில் அண்ணன் பேர்

நாய்க்குப் பேர் வெட்டுவதும் ஒரு தொழில்தான். நம்பாதவர்கள் விளாங்குடிக்கு வந்து என் ஸ்டூலுக்கு எதிரே அரைமணி நேரம் நின்று பார்க்கலாம்.

முப்பத்தெட்டு வருசம் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து குடம், தாம்பாளம், தூக்குச் சட்டி என்று பேர் வெட்டினவன் நான். மதுரையைச் சுற்றி எந்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தாலும் என் எழுத்து ஒன்றாவது இருக்கும். என் வீட்டுக்காரி இதை நம்புவதில்லை. நம் வீட்டுக் குடத்தில் இருப்பதே வேறு எவனோ வெட்டினதுதானே என்பாள். நாலு வருசமாக அதே மிஷின், அதே ஸ்டூல். வாசல் மட்டும் மாறிவிட்டது. செல்வி என்கிற பெண் நடத்தும் நாய்ச் சாமான் கடை. என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள், வேலையும் வாங்குவாள். பட்டை, சங்கிலி, பிஸ்கட், சோப்பு எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் ஸ்டீல் தகடு, அதில் நாயின் பேரும் வீட்டுக்காரரின் போன் நம்பரும் வெட்டுவது என் பொறுப்பு. நாய் ஓடிப்போனால், கண்டெடுத்தவர் தகட்டைப் பார்த்துக் கூப்பிடுவார். தொழில் இம்புட்டுத்தான்.

கேட்டைத் திறந்த ஒரே நிமிசத்தில் நாயைத் தவறவிட்டு, லுங்கியோடு தெருத்தெருவாக ஓடித் தொண்டை கட்டிப்போனவர்கள் இதைப் படிப்பவர்களில் பத்துப் பேராவது இருப்பீர்கள். உங்கள் வேதனை எனக்குத் தெரியும். அதனால் மறைக்காமல் சொல்கிறேன்: போன ஆடியில் தமயந்தி டீச்சரின் நாய் தொலைந்து, ஒன்பது நாள் கிடைக்காமல் அந்த அம்மாள் அலைந்ததற்கு நான் வெட்டின தகடும் ஒரு காரணம். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். நடுவில் இரண்டு மூன்று நாய் குறுக்கே ஓடும், பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கச் சொல்லிச் செல்வி எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். எந்தப் பாதி என்று அவளுக்கும் தெரியாது.

கூடையில் வந்த சீர்

மூன்று வருசத்துக்கு முன்னால் ஒருநாள், வெள்ளை வேட்டி கட்டின ஒருவர் கையில் மூங்கில் கூடையோடு வந்தார். கூடைக்குள் துண்டு, துண்டுக்குள் ஒரு செவலைக் குட்டி. சிப்பிப்பாறை ஜாதி, குட்டியிலேயே கால் மட்டும் தனியாக நீண்டு கிடந்தது. அவர் பேர் தவமணி, வாடிப்பட்டியில் தென்னையும் நெல்லும் போடுகிறவர். தங்கச்சி தமயந்தி பள்ளிக்கூட டீச்சர். விளாங்குடியில் புது வீடு கட்டி மறுநாள் பால் காய்ச்சுகிறாள். அதற்கு அண்ணன் சீராக நாய்க்குட்டி.

என்ன வெட்டணும் என்று ஒரு சீட்டைக் கொடுத்து எழுதச் சொன்னேன். அது என் பழக்கம். வாடிக்கைக்காரர் கையாலேயே எழுதி வாங்கி, அதைப் பார்த்து வெட்டி, பிறகு சீட்டைக் கம்பியில் குத்தி வைத்துவிடுவேன். அப்போதுதான் நாளைக்கு நம்பர் தப்பு என்று சண்டைக்கு வர முடியாது. அவர் எழுதிக் கொடுத்தது: ‘அன்பளிப்பு, அண்ணன் தவமணி, வாடிப்பட்டி’. கீழே அவருடைய போன் நம்பர். படித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. முப்பத்தெட்டு வருசமாக நான் வெட்டினது எல்லாம் இதே வாசகம்தானே! கை தானாக ஓடியது. வெட்டி முடித்த பிறகுதான் நாயின் பேருக்கு இடமில்லை என்று தெரிந்தது. டீச்சர் நம்பருக்கும் இடமில்லை. “நாய் தங்கச்சி வீட்டுலதானே இருக்கப்போகுது, அவுக நம்பர் வேணாமா?” என்று லேசாகக் கேட்டுப் பார்த்தேன்.

அவர் தகட்டைத் துடைத்துக் குட்டியின் கழுத்தில் கோத்துக்கொண்டே சொன்னார்: “குடம் வாங்கிக் கொடுத்தா குடத்துல யாரு பேரு இருக்கும் பெரியவரே? கொடுத்தவன் பேரா, தண்ணி பிடிக்கிறவ பேரா?”

நம்பரும் நட்சத்திரமும்

அதற்குப் பிறகு எத்தனையோ நாய். ஒரு அர்ச்சகர் வந்தார். கையில் பருத்திப் பொதி மாதிரி ஒரு வெள்ளைப் பொமரேனியன், பேர் லட்டு. அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் ‘லட்டு, சுவாதி நட்சத்திரம், துலா ராசி’ என்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதன் பேரில் ஒரு அர்ச்சனை உண்டாம். நாய்க்கு நட்சத்திரம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். பிறந்த நேரத்தைக் குட்டி கொடுத்தவரிடம் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறார். என் நட்சத்திரமே எனக்குச் சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் எனக்குப் பிறந்தநாள்.

“சாமி, நட்சத்திரத்தை வச்சு யாரும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாதே. நட்சத்திரத்தை எடுத்துட்டுப் போன் நம்பரைப் போடுவோமா?” என்றேன். அவர் லட்டுவின் காதை நீவிவிட்டபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். “இந்த ஆறு வருசத்துல நான் மூணு நம்பர் மாத்திட்டேன் ஓய். நட்சத்திரம் மாறுமோ?”

மருதாணி

ஒரு பேங்க் மேனேஜர் ராஜபாளையம் நாய் வளர்த்தார். பேர் வீரா. சுத்த வெள்ளை. தகடு நான்தான் வெட்டினேன், நம்பர் சுத்தமாக இருந்தது. ஆனால் வீரா யாரையும் பக்கத்தில் விடாது. ஒருநாள் இரண்டு தெரு தள்ளிப் போய் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டது. நாலு பேர் சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். தகடு ஆடிக்கொண்டே இருந்ததில் பாதி நம்பர்தான் விழுந்தது. மிச்சத்தைப் படிக்கக் குனிந்தவருக்குக் கையில் மூன்று தையல்.

தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். யோசனை என்னுடையதுதான். மருதாணியை அரைத்து வீராவின் விலாவில் இரண்டு பக்கமும் பத்து எண்ணையும் எழுதினோம். மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் எழுதினேன். வெள்ளை ரோமத்தில் சிவப்பு நம்பர், பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும். பைபாஸ் ரோட்டில் போன லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி நம்பரைக் குறித்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். நாலாம் நாள் மேனேஜர் கடைக்கு வந்தார். முகம் சரியில்லை. நாய் ஓடிப்போச்சா என்று கேட்டேன்.

“நாய் வீட்டை விட்டு நகரவே இல்ல பெரியவரே. மொட்டை மாடியில நிக்கிறதைப் பாத்துட்டு ஒரு நாளைக்கு இருபது போன் வருது. எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான்: ‘நாய் என்ன விலை?’”

எனக்கு யாரும் கூப்பிடலை

இப்போது டீச்சர் கதைக்கு வருகிறேன். போன ஆடியில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்ட கையோடு டீச்சர் வந்து நின்றார். விரல் நுனியில் சாக்பீஸ் மாவு அப்படியே இருந்தது. காலையில் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கேட்டைச் சாத்தாமல் போயிருக்கிறார். சீனி வெளியே ஓடிவிட்டது. குட்டியாகக் கூடையில் வந்ததே, அதுதான் சீனி. இப்போது மூன்று வயசு, ஓடினால் மண் மட்டும்தான் தெரியும். டீச்சர் மகள் பரீட்சைக்குப் படிக்கும்போது அவள் காலின் மேல் தலையை வைத்துப் படுத்திருக்குமாம். அந்தப் பெண் காலையிலிருந்து புத்தகத்தைத் தொடவில்லை.

செல்வி உடனே சீனியின் படத்தை வாங்கித் தெரிந்த குழுக்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நான் தைரியம் சொன்னேன். “தகடு இருக்குல்ல டீச்சர், கண்டெடுத்தவுக கூப்பிடுவாக.” டீச்சர் விரலில் இருந்த சாக்பீஸ் மாவைத் தேய்த்துக்கொண்டே நின்றார். தகட்டில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது ஞாபகமில்லை. ஆயிரக்கணக்கில் வெட்டுகிறவன் எதையென்று நினைவில் வைத்திருப்பான்? மறுநாளும் சாயங்காலம் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். தெருத்தெருவாகப் படத்தைக் காட்டிவிட்டு, கடைசியாக எங்கள் கடைக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். நாலாம் நாள் நான் கேட்டேன்: “தகட்டுல நம்பர் இருக்குல்ல? இன்னுமா யாரும் கூப்பிடலை?”

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “எனக்கு யாரும் கூப்பிடலை.”

மாட்டுத்தாவணியில் ஒரு ஹலோ

சனிக்கிழமை காலையில் செல்விக்கு ஒரு செய்தி வந்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில், செவலை நாய் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறார்களாம். டீச்சரும் நானும் பஸ் பிடித்துப் போனோம். ஊருக்கு அந்தக் கோடி. மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே டீச்சர் ஓடின ஓட்டத்துக்கு என் வயசு ஈடு கொடுக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் நின்றுவிட்டிருந்தார். செவலைதான். ஆனால் சீனிக்கு வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். இது கொழுத்த லேப்ரடார், வயிறு தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் அதன் தலையைத் தடவிக்கொண்டு அங்கேயே ஒரு சாக்குமேல் உட்கார்ந்துவிட்டார். நாய் அவர் மடியில் முகத்தை வைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டவில்லை.

டீ மாஸ்டர் நல்ல மனுசர். நாய்க்குக் கால் லிட்டர் பாலும் பன்னும் போட்டிருக்கிறார். தகடு கிடையாது. பெரிய வீட்டு நாய்க்கெல்லாம் கழுத்துக்குள் சிப் வைக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, தன் போனை எடுத்து நாயின் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நான் விளக்கினேன். சிப் அரிசி அளவு இருக்கும், தோலுக்கு அடியில் இருக்கும், சத்தம் போடாது, பேசாது. நாய் டாக்டரிடம் ஒரு கருவி உண்டு. கழுத்துப் பக்கம் அதைக் காட்டினால் ஒரு நம்பர் வரும். பதிவு பண்ணி வைத்திருந்தால் அந்த நம்பரை வைத்து வீட்டைப் பிடிக்கலாம். அதனால்தான் சிப் இருந்தாலும் தகடும் வேண்டும் என்கிறோம்; டீக்கடையில் டாக்டர் இருக்க மாட்டார். பிறகு அந்த நாயை டாக்டரிடம் கொண்டுபோய், சிப் இருந்து, சாயங்காலமே ஆள் வந்து கூட்டிப்போனது வேறு விசயம். அப்போது நான் சொன்னதையெல்லாம் மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

கடைசியில் போனைச் சட்டைப்பையில் போட்டபடி சொன்னார்: “இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? விடிஞ்சதுல இருந்து நாய் கழுத்துல வாயை வச்சு ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டு இருக்கேன்!”

கம்பியில் குத்தின சீட்டு

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் வழியே தெருநாய்களையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்த ‘எனக்கு’ மட்டும் காதில் குடைந்துகொண்டே இருந்தது. எனக்கு யாரும் கூப்பிடலை என்றால், வேறு யாருக்கோ கூப்பிட்டிருக்கலாம் என்றுதானே அர்த்தம்? அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் கம்பி கம்பியாக எடுத்துச் சீட்டுகளை உருவினேன். மூன்று வருசச் சீட்டு. எட்டாம் நாள் காலையில் கிடைத்தது. அண்ணன் தவமணி, வாடிப்பட்டி. சாயங்காலம் டீச்சர் வந்ததும் சீட்டை எடுத்து முன்னால் வைத்தேன்.

அப்புறம்தான் மடை திறந்தது. அண்ணனும் தங்கச்சியும் பேசி இரண்டு வருசம் ஆகிறது. மகள் சடங்குக்கு வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதில் தாய்மாமன் படம் தபால்தலை அளவுக்கு ஓரத்திலும், டீச்சர் வீட்டுக்காரரின் அண்ணன் படம் ஆளுயரத்துக்கு நடுவிலும் விழுந்துவிட்டது. அச்சடித்தவன் செய்த வேலை என்கிறார் டீச்சர். சீர்த் தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போன அண்ணன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. “அப்பவே தகட்டை மாத்தியிருக்கலாமே டீச்சர்?” என்றேன். “மாத்தணும்னுதான் இருந்தேன் ஐயா. அப்புறம், அவன் பேரு நாய் கழுத்துலயே தொங்கட்டும்னு விட்டுட்டேன்” என்றார்.

“ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?” என்றாள் செல்வி.

“அவன்தான் போடணும். பெரியவன் அவன்தானே.”

எட்டு நாளாக மதுரை முழுக்கத் தேடுவாராம், ஒரு நம்பரைத் தட்ட மாட்டாராம். நான் செல்வியின் போனை வாங்கி நானே தட்டினேன். எடுத்தவுடனே, சீனி அங்கேயா என்று கேட்டேன். சீனி அங்கேதான். ஓடின முதல்நாளே சமயநல்லூர் பக்கம் பால் வண்டிக்காரர் ஒருவர் ரோட்டோரத்தில் பார்த்துப் பிடித்து, தகட்டில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். தவமணி பைக்கில் போய் அழைத்துவந்துவிட்டார். நாயே தகட்டைப் படித்துவிட்டுத் திண்டுக்கல் ரோட்டில் வாடிப்பட்டியைப் பார்த்து ஓடியது என்றுதான் நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னேன். பாதிப்பேர் நம்பினார்கள்.

கிடைத்ததும் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று போனில் கேட்டேன். “என் பேரு போட்ட நாயி, என் நம்பருக்குப் போன் வந்துச்சு, என் வீட்டுல நிக்குது. இதுல தங்கச்சிங்கிறவ எங்க இருந்து வாரா?” என்றார் தவமணி.

ஒன்பது நாள் திட்டு

மறுநாள் செவ்வாய்க்கிழமை, டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தார். தகடு வெட்டினவன் நான், பஞ்சாயத்துக்கும் நான்தான் போக வேண்டும் என்று செல்வி தீர்ப்பு சொல்லிவிட்டாள். டீச்சர் வரமாட்டேன் என்றார். நாயை வாங்கிக்கொண்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றார். பஸ் ஏறி வாடிப்பட்டியில் இறங்கி, தென்னந்தோப்பை விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். சீனி வேப்பமரத்து நிழலில் நீளக் கயிற்றில் கட்டியிருந்தது. என் விரலை மோந்து பார்த்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. தட்டில் கறியும் சோறும் இருந்தது, பாதிகூடத் தின்னவில்லை.

தவமணி மோர் கொடுத்தார். நாயை மட்டும் கொடுக்கவில்லை. “நான் என்ன நாயை வச்சுக் கோட்டையா கட்டப்போறேன்? அவ வரட்டும். வந்து, ‘அண்ணே, சீனியக் கொடு’ன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். அந்த நிமிசமே அவுத்து விடுறேன்.” அதோடு தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச எழுந்து போய்விட்டார். அவர் வீட்டுக்காரம்மா தம்ளரை எடுக்க வந்தவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “நாயைக் கொண்டாந்த நாள்ல இருந்து சேரை இழுத்துப் போட்டு அதுக்கு முன்னாடி உக்காந்து தங்கச்சியத் திட்டிக்கிட்டு இருக்காரு. ஒம்பது நாளா ஒரு நாயி எம்புட்டுத்தான் கேக்கும்?”

நாற்பது நிமிச ஆட்டோ

நான் தோப்பு ஓரமாகப் போய் நின்று டீச்சருக்குப் போன் போட்டேன். இந்த இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். இந்தக் கதையில் தள்ள வேண்டிய பாதி எது என்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். “டீச்சர், சீனி நல்லாருக்கு. ஒரே ஒரு விசயம். உங்க அண்ணன் அதுக்குப் பேரை மாத்திட்டாரு. இப்ப தமயந்தின்னு கூப்பிடுறாரு” என்றேன். எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது.

நாற்பது நிமிசத்தில் ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் இறங்கும்போதே குரல் முதலில் இறங்கியது. “யாரைக் கேட்டு என் பேரை நாய்க்கு வச்ச?” தவமணி மண்வெட்டியோடு வந்து நின்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தார். நான் தென்னையில் காய் எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குள் சீனி குரலைக் கேட்டுவிட்டது. கயிறு அறுந்ததா, முடிச்சு அவிழ்ந்ததா, தெரியாது. பாய்ந்து வந்து டீச்சர் தோளில் இரண்டு காலையும் போட்டு முகத்தை நக்கியது. கண்ணாடி ஒருபக்கம் விழுந்தது, கைப்பை ஒருபக்கம் விழுந்தது. டீச்சர் நாயைக் கட்டிக்கொண்டே அண்ணனைத் திட்டினார். நடுநடுவே ‘சீனிக்குட்டி, சீனிக்குட்டி’ என்றார். எந்த வார்த்தை யாருக்கு என்று எங்களுக்கே குழம்பியது.

கண்ணாடியைப் பொறுக்கித் துண்டில் துடைத்துத் தங்கச்சியிடம் நீட்டினார் தவமணி. “உன் பேரை நான் வைக்கல. அப்படியே வச்சிருந்தாலும் என்ன இப்ப? ரெண்டு வருசமா என் பேரு நாய் கழுத்துல தொங்குச்சே, நான் ஆட்டோ பிடிச்சு வந்தேனா?”

ஓட்டை எந்தப் பக்கம்

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சர் ‘சீனியக் கொடு’ என்று கேட்கவும் இல்லை. நாயே மடியில் கிடக்கும்போது கேட்க என்ன இருக்கிறது? அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார். டீச்சர் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு மூன்றாம் தரம் உட்கார்ந்தார். தட்டில் பாதி கிடந்த கறிச்சோற்றை, டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்ததும் சீனி வழித்துத் தின்றது. சாயங்காலம் அண்ணனே பைக்கில் முன்னால் போக, பின்னால் ஆட்டோவில் டீச்சரும் சீனியும் நானும் விளாங்குடிக்கு வந்தோம்.

நேரே கடைக்குத்தான். புதுத் தகடு வெட்ட வேண்டும். டீச்சர் தன் நம்பர் மட்டும் போதும் என்றார். தவமணி தன் நம்பரும் இருக்கட்டும் என்றார். அது இல்லாமல் இருந்திருந்தால் நாய் எங்கே போயிருக்கும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சரி, இரண்டும் இருக்கட்டும் என்று டீச்சர் இறங்கி வந்தார். அடுத்தது, மேலே யார் நம்பர், கீழே யார் நம்பர். பெரியவன் மேலே என்றார் அண்ணன். நாய் என் வீட்டில் என்றார் தங்கச்சி. “சித்தப்பா, இவுகளுக்கு ரெண்டு தகடா போட்டுருங்க, பாரம் தாங்காம நாய் நொண்டிக்கிட்டே நடக்கட்டும்” என்றாள் செல்வி. சீனி மட்டும் யார் பக்கமும் சேராமல் பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றது.

தொழில் தெரிந்தவன் இப்படிப்பட்ட நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது. வட்டத் தகட்டின் நடுவில் சீனி என்று வெட்டினேன். விளிம்பைச் சுற்றி இரண்டு நம்பரையும் வளைத்து வெட்டினேன், ஆளுக்குப் பாதி வட்டம். “வட்டத்துக்கு மேலும் இல்ல, கீழும் இல்ல” என்றேன். இருவரும் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்கள். கடைசியாக வளையம் மாட்ட ஓட்டை போட்டேன். தகடு தொங்கும்போது ஓட்டை இருக்கிற பக்கம்தான் தலைப்பக்கம். நாய் யார் வீட்டில் படுக்கிறதோ அந்த நம்பரை ஒட்டித்தான் ஓட்டை போட வேண்டும் என்பது என் கொள்கை. கொள்கையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தவமணி குனிந்து சீனியின் கழுத்தில் மாட்டினார். தகட்டை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், கையை விட்டுப் பார்த்தார், மறுபடி திருப்பினார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஏய்யா பெரியவரே, எப்படித் திருப்பி விட்டாலும் அவ நம்பர்தானே மேல வந்து நிக்குது?”

தொலைந்த நாயைக் கண்டுபிடிப்பதுகூட ஒன்பது நாள் வேலைதான். அது யார் நாய் என்று ஒரு ரூபாய் அகலத்தில் எழுதுவதற்குள்தான் எனக்குத் தாவு தீர்ந்துபோகிறது.